இலவச கரண்டும் சோலார் மோட்டாரும்

"இவ்வளவு வெயில் அடிக்குது, சோலார் மோட்டார் போடக்கூடாதா?" சென்னையில இருந்து பிள்ளையார்பாளையம் வர்ற சொந்தக்காரங்க கேக்கற கேள்வி இது. பதில் அம்பது வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிக்குது.

அப்பா காலத்துல கவலைதான். மாடு இழுத்தா சாலில் தண்ணி ஏறும். அப்புறம் மோட்டார் வந்தது, கூடவே பில்லும் வந்தது. 1970-ல் யூனிட்டுக்கு ஓரிரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில், பெருமாநல்லூர் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகள் கோவையை நிறைத்தன. 1984-ல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் கலைஞர் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரத்தை இலவசமாக்கினார்கள்.

உயிர் குடுத்து வாங்கினது இது. அதனால எந்த மாற்றம் வந்தாலும், 'மீட்டர் மாட்டிடுவாங்களோ'ன்னுதான் முதல்ல தோணும்.

2019-ல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் சோலார் பம்புக்கு இங்கே 60 சதவீதம் மானியம். மீதியை நாம போடணும். கிணத்துமேட்டுல இலவச கரண்ட் இருக்கிறவன் ஏன் போடுவான்? இணைப்புக்குக் காத்திருக்கிறவனுக்கு அது வரம். ராத்திரி மும்முனை கரண்டுக்காக பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டாம்.

ஆனா வெயிலும் இலவசம்தான். பகல் முழுக்க ஓடினா கிணறு தாங்குமா? பாலாறே மணலா கிடக்குது. மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விக்கவும் அதே திட்டத்துல வழி இருக்கு. நல்ல விலை கொடுத்தா விவசாயி தானே மோட்டாரை நிறுத்துவான்.

யூனிட்டுக்கு எத்தனை பைசா? பேச்சு மறுபடியும் அங்கேதான் வந்து நிக்குது.