சட்டம் காத்த செல்வம்

தமிழில் ‘சட்டம்’ என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். நாட்டை ஆளும் நெறிக்கு அது பெயர். கதவையும் கட்டிலையும் படத்தையும் தாங்கும் மரவேலைக்கும் அதுவே பெயர். எழுதுவதற்காகச் சீவி அளவாக்கிய பனையோலையையும் நம் முன்னோர் சட்டம் என்றே வழங்கினர். அவ்வாறு ஓலையைச் செப்பஞ்செய்யும் தொழில் ‘சட்டம் வாருதல்’ எனப்பட்டது. எல்லை வகுத்துக் காப்பது என்னும் கருத்து இம்மூன்று பொருளிலும் ஊடாடி நிற்கக் காணலாம்.

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது ரஞ்சன்குடிக் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கோட்டை, அகழியும் அடுக்கடுக்கான மதில்களும் உடையது. 1751இல் வாலிகண்டபுரத்தைச் சூழ்ந்து நடந்த போரில், ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிய வரலாற்றில், இதற்கும் இடமுண்டு. இன்று தொல்லியல் துறையின் காப்பில் உள்ள அதன் கற்கள் படையெடுப்பை நினைவூட்டும். அந்த மதில்களைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றையோ அவை சொல்லமாட்டா. யார் எந்த ஊரிலிருந்து வந்து குடியேறினர், யார் நோன்பு ஏற்றனர், எந்த முனிவர் எவ்வீட்டில் ஆகாரம் கொண்டார் என்னும் செய்திகளுக்கு வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களே பெரும்பாலும் எஞ்சிய சான்று. அப்படங்களைக் காக்கும் சட்டத்தின் வரலாற்றை அறிவது ஆதலால் நமக்கு இன்றியமையாதது.

ஏட்டின் வீடு

படச்சட்டத்துக்கு முன்னோடி ஏட்டுச் சுவடியின் கட்டே எனலாம். சுவடியின் மேலும் கீழும் ஓலையின் அளவுக்கே இழைத்த இரு மரப்பலகைகள் வைக்கப்படும். இவற்றுக்குக் ‘கம்பை’ என்று பெயர். ஓலைகளில் இட்ட துளைகளுள் ஒன்றில் ‘நாராசம்’ என்னும் ஆணி செருகப்படும். மற்றொன்றில் கயிறு கோக்கப்படும். கயிற்றின் முனையில் ‘கிளிமூக்கு’ என்னும் சிறு துண்டு இருந்து கட்டு நழுவாமல் காக்கும். இவ்வாறு இறுகக் கட்டிய சுவடியைத் துணியில் பொதிந்து பெட்டியில் வைப்பர். ஈரத்தில் ஓலை நெளியாதபடி பலகையின் அழுத்தம் காத்தது. துணி தூசியையும் பூச்சியையும் தடுத்தது.

இம்முறையைச் சமணர் ஓர் அறமாகவே போற்றினர். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் நூலைப் படியெடுத்து வழங்குதலும் ஒன்று. ஜைசல்மேர் ஞான பண்டாரத்தில் 12ஆம் நூற்றாண்டு வண்ண ஓவியம் தீட்டிய சுவடிப் பலகைகள் இன்றும் உள்ளன. காப்பதற்கென்று அமைந்த பலகையே கலைப்பொருளாகவும் ஆயிற்று. எண்ணெய் படாமலும் நீர் படாமலும் கட்டுத் தளராமலும் இவ்வேட்டைக் காப்பீராக என்று வேண்டும் குறிப்புகளைப் பழைய சுவடிகளின் இறுதியில் காணலாம். கட்டுத் தளர்தலை நீருக்கும் எண்ணெய்க்கும் இணையான பகையாக அவர்கள் எண்ணியது கருதத்தக்கது.

செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூர் மடத்திலும் தமிழ்ச் சமணர் இல்லங்களிலும் இவ்வாறு காக்கப்பட்ட ஏடுகளால்தான் நம் இலக்கியங்கள் பல பிழைத்தன. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமண அன்பர்கள் அவருக்கு உற்ற துணையாய் இருந்ததை அறிஞர் உலகம் அறியும்.

ஓவியமும் எல்லைக்கோடும்

காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம், விசயநகர அமைச்சரும் தளபதியுமான இருகப்பரால் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எடுப்பிக்கப்பட்டது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு வரிசையையும் பட்டைக் கோடுகள் பிரிக்கின்றன. காட்சிகளை விளக்கும் தமிழ்க் குறிப்புகளும் உடன் எழுதப்பட்டுள்ளன. மரமும் கண்ணாடியும் இல்லாமலே சட்டத்தின் பணி அங்கு நிறைவேறுகிறது. எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, காட்சியில் இருப்பவர் யார் என்பவற்றை ஓவியமே உரைக்கிறது. இக்குறிப்பெழுதும் வழக்கத்துக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

எடுத்துச் செல்லத்தக்க ஓவியத்துக்கு நம் பகுதியின் தலைசிறந்த சான்று தஞ்சாவூர் ஓவியம். இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் (1798–1832) செழித்தோங்கிய இக்கலை 2007ஆம் ஆண்டையொட்டிப் புவிசார் குறியீடும் பெற்றது. பலாப்பலகையின் மேல் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பூச்சிட்டு, மக்கினால் மேடாக்கி, கற்கள் பதித்து, தங்கத்தாள் ஒட்டி, இறுதியில் வண்ணம் தீட்டுவர். விளக்குப் புகையும் கைபடுதலும் தங்கத்தை மங்கச் செய்யும் ஆதலால், கண்ணாடியும் கனத்த மரச்சட்டமும் அதற்கு இன்றியமையாதன ஆயின. ஓவியரின் பணி முடிந்த இடத்தில் தச்சரின் பணி தொடங்கியது. கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி முன்புறமாகக் காணும் ஓவிய வகையும் தஞ்சையில் வளர்ந்தது. அதில் கண்ணாடியே ஓவியத்தின் தளமும் ஆகி, காப்பும் ஆகியது.

கடைத்தெருவில் பிரேம் கடை

மன்னரும் செல்வரும் துய்த்த இவ்வசதியை எளியோர் இல்லத்துக்குக் கொண்டுவந்தது அச்சு. இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி வண்ணக் கல்லச்சுப் படங்களை வெளியிட்டார். தமிழகத்தில் கோவில்பட்டியில் தங்கி வரைந்த கொண்டையராஜுவின் (1898–1976) தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளின் வழியே ஊர்தோறும் பரவின. ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியின் படத்தை வெட்டி எடுத்துக் ‘கண்ணாடி போட’க் கொடுக்கும் வழக்கம் தோன்றியது. ஒளிப்பட நிலையங்கள் பெருகவே திருமணப் படமும் மறைந்த பெரியோர் படமும் அதே கடைக்கு வந்தன. இவ்வாறு சிற்றூர்க் கடைத்தெருவிலும் பிரேம் கடை நிலைபெற்றது.

அங்கு நிகழும் தொழில் எளியதாகத் தோன்றினும் நுட்பம் மிக்கது. நான்கு மரத்துண்டுகளை 45 பாகைச் சாய்வில் அறுத்து மூலை சேர்ப்பர். உட்புறம் இழைத்த காடியில் கண்ணாடியும் படமும் பின்னட்டையும் வரிசையாக அமரும். பின்புறம் சிற்றாணி அடித்து, இடுக்கு முழுவதையும் தாள் ஒட்டி மூடுவர். அறுப்பில் சிறிது பிழை நேர்ந்தாலும் மூலை வாய்பிளக்கும். தூசியும் பூச்சியும் அவ்வழியே புகும்.

கேடு பெரும்பாலும் கண்ணுக்குப் படாத பின்புறத்தில் விளைகிறது. பின்னட்டைக்கு அடியில் பழைய செய்தித்தாளை மடித்து வைப்பது பலவிடத்தும் வழக்கம். மரக்கூழில் செய்த அத்தாள் நாளடைவில் பழுத்து, அதன் புளிப்புத் தன்மை படத்தையும் பற்றும். கண்ணாடியைப் படத்தின்மேல் நேரே அழுத்தி வைப்பது மற்றொரு தவறு. பழைய ஒளிப்படத்தாளின் மேற்பூச்சு ஜெலட்டினால் ஆனது. மழைக்காலத்து ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர்ப் பிரிக்க முயன்றால் உருவமே உரிந்துவிடும். படத்தைச் சுற்றி நடுவில் வெட்டிய தடித்த அட்டை ஒன்றை இடையில் வைத்தால் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி கிடைக்கும். கோட்டையில் மதிலுக்கும் மதிலுக்கும் இடையே விட்ட வெளி போன்றது அது. வெறும் இடந்தான் எனினும் காவலில் அதற்கும் பங்குண்டு.

பீலியும் கண்ணாடிப் பெட்டியும்

தட்டையான படத்தை மட்டுமன்றிக் கனமுள்ள பொருளையும் சுவரில் காக்க ஆழமான சட்டம் செய்வதுண்டு. மக்கள் இதனைக் கண்ணாடிப் பெட்டி என்பர். சந்தனமாலை, செபமாலை, பதக்கம், திருமணப் பட்டின் சிறு துண்டு ஆகியவை இதில் இடம்பெறும். சமணர் இல்லத்துக்கு மிகவும் உரியது ஒன்றுண்டு, அதுவே மயிற்பீலி.

கவுந்தியடிகள் மதுரைக்குப் புறப்பட்டபோது பிச்சைக் கலம், உறி ஆகியவற்றோடு பீலியையும் கொண்டு சென்றதாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. திகம்பர முனிவர் இன்றும் பீலி ஏந்துவர். அமரும் இடத்திலும் நடக்கும் வழியிலும் உள்ள சிற்றுயிர்களை நோவாமல் விலக்குவதற்காக, மயில் தானே உதிர்த்த தோகையால் ஆனது அது. மழைக்கால நோன்பு முடிந்ததும் முனிவர் புதுப்பீலி ஏற்கும் விழா நடைபெறும். விரதம் ஏற்கும் இல்லறத்தார்க்குப் பழைய பீலி வழங்கப்படும். அக்குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய நினைவுப்பொருள் வேறில்லை.

இறகைத் தின்னும் பூச்சிகள் உண்டு. உயிரைக் கொல்லாமல் விலக்குவதற்கென்றே பிறந்த ஒரு பொருளைக் காக்க, நஞ்சிட்டுப் பூச்சிகளைக் கொல்வது எவ்வாறு பொருந்தும்? பசையில் மயில்துத்தம் கலப்பது நூல் கட்டுவோரின் பழைய முறை. அதுவும் பூச்சிக்கு நஞ்சே. தச்சர் பயன்படுத்திவந்த வச்சிரப்பசையோ விலங்கின் தோலைக் காய்ச்சி எடுப்பது. ஆகவே நன்கு பொருந்திய சட்டமே இங்கு அறத்தோடு இயைந்த வழி. பூச்சி புகாதபடி அடைத்துவிட்டால் அதனைக் கொல்ல நேராது. பீலியை நிழலில் உலர்த்திப் பெட்டிக்குள் வைத்து, ஒட்டாமல் மெல்லிய நூலால் பின்பலகையில் கட்டி, மூலைகளையும் பின்புறத்தையும் இடைவெளியின்றி மூடுதல் வேண்டும். ஒட்ட வேண்டிய இடத்தில் இன்ன பசை என்று கடைக்காரரிடம் கேட்டறிதலும் நம் கடமையே. தஞ்சை ஓவியர் கண்ட புளியங்கொட்டைப் பசை இத்தகைய நெறிக்கு ஏற்றது.

உடைமையா, ஒப்படைப்பா?

பற்றறுத்தலைப் போதிக்கும் சமயத்தில் நினைவுப்பொருளைப் பேணுவது தகுமா என்னும் வினா எழலாம். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டு மூடபித்ரியில் காக்கப்பட்ட தவலா முதலிய சித்தாந்த ஏடுகளின் வரலாறு இதற்கு விடை தரும். நெடுங்காலம் அவை வழிபாட்டுக்கு மட்டுமே வெளியே எடுக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் பணி தொடங்கியது. 1939 முதல் ஹீராலால் ஜைன் அவற்றைத் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்த பின்னரே அந்த ஞானம் உலகுக்குக் கிட்டியது. 10ஆம் நூற்றாண்டில் அத்திமப்பை என்னும் கன்னட நாட்டுப் பெருமாட்டி சாந்திபுராணத்தை 1,000 படிகள் எடுத்து வழங்கியதும் இக்கருத்துப் பற்றியே. நமக்கென்று பூட்டி வைத்தால் அது பற்று. அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கக் காத்தால் அது சாத்திர தானத்தின் பாற்படும்.

ஒப்படைப்பதற்கு முதல் தேவை பெயர். பள்ளிகளில் எடுக்கும் குழுப்படத்தின் அடியட்டையில், அமர்ந்திருப்போர், நிற்போர் என வரிசை பிரித்து, இடமிருந்து வலமாகப் பெயர்களை அச்சிடுவது பழைய வழக்கம். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அப்படத்தில் உள்ளவரை அடையாளம் காணமுடிகிறது. திருப்பருத்திக்குன்றத்து ஓவியரும் அதனையே செய்தனர். வீட்டுப் படங்களிலோ பெயர் இராது. பாட்டி இருக்கும்வரை எல்லாரையும் அவர் சுட்டிச் சொல்வார். அவருக்குப் பின் அப்படத்தில் இருப்போர் யாரோ எவரோ ஆகிவிடுவர்.

திகம்பரர் சுருத பஞ்சமியன்றும் சுவேதாம்பரர் ஞான பஞ்சமியன்றும் சுவடிகளை வெளியே எடுத்துத் தூசி துடைத்து, புதுத்துணி சுற்றி வழிபடுவர். பேணுதலையே வழிபாடாக்கிய பெருநெறி அது. அந்நாளில் சுவரில் உள்ள படங்களையும் இறக்கிப் பார்ப்போம். ஓதம் ஏறும் சுவரையும் நேர்வெயில் படும் இடத்தையும் தவிர்ப்போம். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்காமல், கண்ணாடியின் மேலேயே நகலெடுத்து வைப்போம். செய்தித்தாளை நீக்கி நல்ல அட்டை இடச்செய்வோம். வீட்டு முதியோரை அருகில் இருத்தி, படத்தில் உள்ளோர் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு, பின்னட்டையில் பென்சிலால் எழுதி வைப்போம். இவற்றைத் திரட்டி ஒரு தொகுப்பாக்க நம் அறக்கட்டளை முன்வருமாயின், கோட்டைக் கற்கள் சொல்லாத வரலாறு நம் பேரர்க்குக் கிட்டும்.

அருகன் திருவடி வாழ்க! அறம் வளர்க!