பத்து காவானில் முளைத்த பங்கு

ஆண்டுதோறும் ஜூலை 26-ஆம் தேதியை ஒட்டிய நாள்களில் புக்கிட் மெர்தாஜாம் நகரம் மக்கள் வெள்ளத்தில் திணறிப் போகும். புனித அன்னம்மாள் திருவிழா! சிங்கப்பூரிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும்கூடப் பக்தர்கள் வருகிறார்கள். மெழுகுவத்தி ஏந்திச் செல்லும் பவனியில் நேர்த்திக்கடன் வைத்த இந்துக்களையும் சீன பௌத்தர்களையும் பார்க்கலாம்.

இவ்வளவு பெரிய பங்கின் பிறந்த வீடு எது? புக்கிட் மெர்தாஜாம்தான் என்று பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது புகுந்த வீடு. பிறந்த வீடு, தெற்கே கடலோரத்தில் இருக்கும் பத்து காவான்.

இன்றைய பத்து காவானை வைத்து அன்றைய ஊரைக் கற்பனை செய்ய முடியாது. அன்று அது படகுகள் வந்து போகும் துறை. சுற்றிலும் கரும்புக் காடு. தியோச்சூ சீனர்கள் முதலில் கரும்பு நட்டார்கள். 1840-களில் ஐரோப்பிய முதலாளிகள் அந்த வட்டாரத்தில் பெரிய தோட்டங்களைத் திறந்தார்கள். கரும்பு வெட்ட, ஆலையில் பாகு காய்ச்ச, நாகப்பட்டினத்திலிருந்து தமிழர்கள் கப்பலேற்றப்பட்டார்கள்.

பங்கு வரலாற்றின்படி, 1833-ஆம் ஆண்டிலேயே பத்து காவான் ஒரு மறைப்பணித் தளமாக இருந்தது. சீனர்களும் இந்தியர்களும் அங்கே ஒன்றாக வழிபட்டார்கள். பணியாற்றியவர்கள் பாரீஸ் வெளிநாட்டு வேதபோதக சபையின் குருக்கள். புதுச்சேரியிலும் இதே சபைதான் பணி செய்தது. ஆகவே தமிழன் அந்தக் குருக்களுக்குப் புதியவன் அல்லன்.

1840-ஆம் ஆண்டு வாக்கில் ஹக்கா சீனக் கத்தோலிக்கர்கள் சிலர் விவசாய நிலம் தேடி உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து, புக்கிட் மெர்தாஜாம் குன்றடியில் குடியேறினார்கள். மக்கள் போன வழியே கோயிலும் போனது. 1846-இல் குன்றின் மேல் ஒரு சிற்றாலயம் எழுந்தது. 1888-இல் அருட்தந்தை சோரின் காலத்தில் கட்டிய ஆலயம்தான் இன்றும் பழைய திருத்தலமாக நிற்கிறது.

சீனர்கள் நகர்ந்தார்கள், சரி. தமிழர்கள் ஏன் அப்படிச் சொந்த நிலம் தேடிப் போகவில்லை? பக்தி குறைவா? இல்லை, அவர்கள் கால்களில் ஒப்பந்தம் இருந்தது. கப்பல் கட்டணமும் முன்பணமும் கடனாக ஏறியிருக்கும். அது தீரும்வரை தோட்டத்தை விட்டு வெளியேறினால் குற்றம், பிடிபட்டால் சிறை. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்ததே 1910-இல்தான். நிலம் உள்ளவன் எழுப்பிய ஆலயம் ஊன்றி நிற்கிறது. கூலிக்காரன் கும்பிட்ட இடமோ தோட்டத்தோடு போய்விடுகிறது.

இதை உணர்ந்தவர் அருட்தந்தை ரெனே ஃபே. அவர் 1882-இல் பேராக், பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்றே புனித சூசையப்பர் பெயரில் ஒரு குடியேற்றம் அமைத்தார். பின்னர் 1896-இல் மலாக்கா ஆயரானார். அங்கே மண் கிடைத்ததால் தமிழ்ப் பங்கும் வேர் பிடித்தது. வெறும் பிரசங்கத்தால் மட்டும் நடக்கிற காரியமா இது?

நிலம் இருந்தும் புக்கிட் மெர்தாஜாம் பங்குக்குச் சோதனை வராமல் இல்லை. 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகாமல் தடுக்க, நாடு முழுவதும் ஏறக்குறைய 5 இலட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். குன்றடி வட்டாரம் ‘கறுப்புப் பகுதி’ ஆனது. விளக்கேற்றவும் ஆளில்லாமல் பழைய ஆலயத்தைப் புதர் சூழ்ந்தது. 1957-இல் குலிம் சாலையில் வேறோர் ஆலயம் கட்டினார்கள். மினாங்கபாவ் கூரையோடு கூடிய இன்றைய பேராலயம் 2002-இல் எழுந்தது. 2019-இல் அதற்குப் பசிலிக்கா தகுதியும் கிடைத்தது.

பிறந்த வீட்டின் கதை வேறு. கரும்புக்குப் பின் ரப்பர், ரப்பருக்குப் பின் செம்பனை. 1990-களில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தோட்ட நிலத்தை நகரமாக்கத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு சுக்மா போட்டிக்கு அரங்கம் வந்தது. 2014-இல் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் திறந்தது. தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்தவர்கள் பட்டணங்களுக்குச் சிதறினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தோட்டத்துச் செக்ரோலில் தொழிலாளி ஒரு பெயர், ஒரு நாள் கூலி, அவ்வளவுதான். பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டிலோ குழந்தையின் பெயர், தாய் தந்தை பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தேதி என்று குடும்பமே எழுதப்படுகிறது. கல்யாணம் ஆனால் அதே பக்கத்தின் ஓரத்தில் அதையும் குறிப்பார்கள். பாட்டனார் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று தேடும் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பாட்டியின் தகரப்பெட்டியில் மடித்து வைத்த ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்தால், அதில் எழுதியிருக்கும் ஆலயத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு அந்தப் பங்கு அலுவலகத்திற்கு ஒரு நடை போய் வரலாம். மை மங்குவதற்குள் போவது நல்லது.