சிற்றோவியமும் சாளரமும்: அக்கரப்பத்தனையை முன்வைத்து ஒரு நோக்கு

ஓவியக் கலையின் வரலாற்றை எழுதுவோர் வண்ணத்தையும் கோட்டையும் பற்றிப் பேசும் அளவிற்கு ஓவியன் அமர்ந்த அறையைப் பற்றிப் பேசுவதில்லை. உள்ளங்கையளவு தாளில் மயிரிழைத் தூரிகை கொண்டு இமையையும் நகத்தையும் தீட்டும் சிற்றோவியனுக்கோ அறையின் ஒளியே முதற் கருவியாகும். அவ்வொளியைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்னும் வினா கலை வரலாற்றை மட்டுமன்றிச் சமூக வரலாற்றையும் தொடுவது. அக்கரப்பத்தனை போன்றதொரு தோட்டப் பகுதியில் அவ்வினா தனிக் கூர்மை பெறுகின்றது.

இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியை வரைந்து புகழ்பெற்ற நிக்கொலஸ் ஹில்லியார்ட் 1600ஆம் ஆண்டளவில் தம் கலைபற்றிச் சிறு நூலொன்று எழுதினார். வடக்கு நோக்கியதும் சற்றே கிழக்குச் சார்ந்ததுமான பெரிய ஒற்றைச் சாளரமே சிற்றோவியனுக்கு உகந்தது என்பது அவர் துணிபு. நேர்வெயில் உட்புகலாகாது, மரங்களினதும் சுவர்களினதும் எதிரொளி படலாகாது, புகையும் தூசும் அணுகலாகாது. வெயில் நகர நிழலும் நகரும்; காலையில் இட்ட நிறம் மாலையில் வேறாய்த் தோன்றும். வடவானின் பரந்த ஒளியோ அத்துணை விரைவில் மாறுவதில்லை. தம்மை வரையும் வேளையில், நிழல் விழாத திறந்த தோட்டப் பாதையொன்றை அரசி தாமே தெரிந்து அமர்ந்தார் எனவும் அந்நூல் கூறும்.

இந்தியச் சிற்றோவியரின் முறை வேறாயிருந்தது. தரையில் அமர்ந்து, உயர்த்திய முழங்காலிற் பலகையைச் சாய்த்து அவர்கள் வரைந்தமையை முகலாயர் கால ஓவியங்களே காட்டுகின்றன. பலகையைச் சிறிது திருப்பினால் ஒளி விழும் கோணமும் மாறும். கல்லால் மெருகிட்ட தாள் முன்னொளியிற் பளபளத்துக் கண்ணைக் கூசச் செய்யுமாதலின் இவ்வசதி சிறிதன்று. இம்மரபின் இராசபுத்திரக் கிளையை உலகறியச் செய்தவருள் முதன்மையானவர் கொழும்பிற் பிறந்த கலாநிதி ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய அவர், கண்டி நாட்டுக் கைவினைஞரின் தொழில்முறைகளை ஆராய்ந்து 1908இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். இராசபுத்திர ஓவியம் பற்றிய அவரது நூல் 1916இல் வெளிவந்தது. கலையைக் கைவினைஞனின் வாழ்க்கையிலிருந்து பிரித்து நோக்கலாகாது என்பதே அவர் ஆய்வுகளின் அடிநாதம்.

அந்நோக்கோடு அக்கரப்பத்தனைக்கு வருவோர் ஹில்லியார்ட்டின் விதியை அப்படியே கொள்ளவியலாது. இலண்டனில் நண்பகற் சூரியன் எக்காலத்தும் தென்வானிலேயே நிற்கும். ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் அமைந்த அக்கரப்பத்தனையிலோ, ஏப்பிரல் முற்பகுதியிலிருந்து செப்ரெம்பர் முற்பகுதிவரை அது உச்சிக்கு வடக்கே செல்லும். அம்மாதங்களில் வடக்குச் சாளரத்திலும் காலை மாலை வெயில் புகும். ஆழமான கூரைத் தாழ்வாரமே அதைத் தடுக்கும். அதேவேளை தென்மேற்குப் பருவத்தின் முகில் வானை மூடி ஒளியைப் பரப்பிவிடுவதும் உண்டு. சனவரி முதல் மார்ச்வரை சூரியன் தெற்கே நிற்க, வடக்குச் சாளரம் தன் பயனை முழுமையாகத் தரும். திம்புள்ளைப் பிரதேசத் தேயிலை மணத்திற் சிறக்கும் பருவமும் அதுவே. எதிர்ச் சரிவின் பசுமை வெண்தாளிற் படியாதிருக்கச் சாளரம் சற்று உயரத்தே அமைந்து வானை நோக்க வேண்டும்.

இத்தகைய ஒளியறிவு தேயிலைத் தொழிலுக்குப் புதிதன்று. தேயிலையின் தரங்காண்போர் தம் அறைக்கு வடக்கொளியை நாடுவது பழைய மரபு. காய்ந்த இலையின் நிறமும் சாயத்தின் நிறமும் பிழையின்றித் தெரிந்தாலன்றி விலை மதிக்க இயலாது. ஆனால் அவ்விலையைக் கொய்த தொழிலாளிக்கோ கோப்பிக் காலந்தொட்டு வந்த லயமே உறைவிடமாயிற்று. 10 அடிக்கு 12 அடி என்ற அளவிற் கட்டப்பட்ட அக் காம்பிராக்கள் பலவற்றில் வாசலே சாளரமுமாயிற்று. அடுப்புப் புகை உள்ளேயே சுழன்றது. தேயிலைக் கோப்பைக்குக் கிட்டிய ஒளி தொழிலாளியின் பிள்ளைக்குக் கிட்டவில்லை.

இரவில் எரிந்தது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. அதன் மஞ்சட் சுடரில் நீலம் கருகித் தோன்றும். மஞ்சள் வெள்ளையோடு கலந்து மறையும். அது கவிழ்ந்து தீக்காயமுற்றோர் நாடெங்கும் பலராதலின், சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர எளிதிற் கவிழாத விளக்கொன்றை 1992இல் உருவாக்கினார். 1950இல் இலக்சபானையிலும் 2012இல் தலவாக்கலையருகே மேல் கொத்மலைத் திட்டத்திலும் மலைநாட்டு ஆறுகள் மின்சாரம் தந்தன. எனினும், முதல் மின்னிலையம் இயங்கிப் பல பத்தாண்டுகள் சென்ற பின்னரே லயங்கள் பலவற்றில் மின்விளக்கு எரிந்தது.

இன்று ஒளியிருமுனையக் குமிழ்கள் சந்தையில் உள்ளன. நிறவெப்பநிலை 5000 கெல்வின் அளவினதும் நிறங்காட்டுஞ் சுட்டெண் 90க்கு மேற்பட்டதுமான குமிழே ஓவியனுக்கு ஏற்றது. வலக்கையால் வரைவோன் அதனை இடப்புறத்தே சற்று உயரத்தில் வைப்பின் கையின் நிழல் தூரிகை முனையில் விழாது. ஆயினும் குமிழ் சாளரத்திற்கு ஈடாகாது. அது புகையை வெளியேற்றாது, வானையும் காட்டாது.

ஓர் அறைக்கு எத்துணை ஒளி வழங்கப்பட்டது என்பது, அதில் வாழ்வோனிடம் எதை எதிர்பார்த்தனர் என்பதற்குச் சான்றாகும். லயத்தைக் கட்டியோர் அதில் உறக்கத்தை மட்டுமே எதிர்பார்த்தனர். எழுத்தையோ நுண்கலையையோ எதிர்பார்க்கவில்லை. மலையகத்தில் நுண்ணோவியம் ஏன் தழைக்கவில்லை என வினவுவோர், கைத்திறனை ஐயுறுமுன் சுவரை நோக்குதல் தகும். புதிய வீடுகளுக்கு வரைபடம் தீட்டப்படும் இந்நாளில், சாளரம் எத்திசையில், எவ்வளவு அகலத்தில் அமையும் என்பதை அதில் வாழவிருப்போரே கேட்டுப் பெறுதல் வேண்டும்.