கெர்னலின் எல்லைக்கோடு: லினக்ஸில் எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமை (2006–2020)

முன்னுரை

எளிய கோப்பு முறைமை ஒன்று இயங்குதளத்தின் கெர்னலுக்குள் அமைய வேண்டுமா, அதற்கு வெளியே பயனர்வெளியில் அமைய வேண்டுமா என்னும் வினா பெரும்பாலும் வேகம், பாதுகாப்பு ஆகிய இரு அளவுகோல்களைக் கொண்டே விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. லினக்ஸில் எக்ஸ்ஃபேட் பெற்ற இடத்தை அவ்விரண்டினும் உரிமமும் பராமரிப்புப் பொறுப்புமே மிகுதியாகத் தீர்மானித்தன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

விவாதத்தின் பின்புலம்

1987-இல் ஆண்ட்ரூ டேனன்பாம் வெளியிட்ட மினிக்ஸில் கோப்பு முறைமை கெர்னலுக்கு வெளியே தனி நிரலாக இயங்கியது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸோ அதனைக் கெர்னலுக்குள் வைத்தது. 1992-இல் இருவரும் நிகழ்த்திய விவாதத்தின் மையம் இத்தகைய கட்டமைப்பு வேறுபாடே. வெளியிலுள்ள நிரல் பழுதுற்றால் பெரும்பாலும் அது மட்டுமே நிற்கும்; உள்ளிருக்கும் நிரல் பழுதுற்றால் கணினி முழுவதும் நிலைகுலையலாம். ஆயினும் வெளியிலிருப்பதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு கோரிக்கையும் கெர்னலுக்கும் பயனர்வெளிக்கும் இடையே சென்று மீள வேண்டும். 2005-இல் லினக்ஸ் 2.6.14 பதிப்பில் ஃபியூஸ் சேர்க்கப்பட்டபின் இரு வழிகளும் ஒரே இயங்குதளத்தில் அமைந்தன.

எக்ஸ்ஃபேட் பெற்ற இடம்

மைக்ரோசாஃப்ட் 2006-இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்ஃபேட், அமைப்பில் எளியது. 2009-இல் எஸ்டிஎக்ஸ்சி நினைவக அட்டைகளுக்குரிய முறைமையாகவும் ஏற்கப்பட்டது. எளிமையும் பரவலான பயன்பாடும் போதுமாயின் அது விரைவிலேயே லினக்ஸ் மைய மூலநிரலில் இடம்பெற்றிருக்க வேண்டும். காப்புரிமை அதற்குத் தடையாக நின்றது. பயனர்வெளி அத்தடையை நீக்கவில்லை. ஆனால் கெர்னல் குழுவின் ஏற்பின்றியே நிரலைத் தனியே வழங்க இடமளித்தது. பயனர்வெளிக் கோப்பு முறைமைகள் விளையாட்டுப் பொருள்களுக்கே தகும் என்னும் கருத்தை டோர்வால்ட்ஸ் 2011-இல் வெளிப்படுத்தினார். எனினும் பயனர் பலர் தம் நினைவக அட்டைகளை ஃபியூஸ் வழியாகவே படித்து வந்தனர்.

2019 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விவரக்குறிப்பை வெளியிட்டு, கெர்னலில் சேர்ப்பதற்கு ஆதரவும் தெரிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த 5.4 பதிப்பின் சோதனைப் பகுதியில் எக்ஸ்ஃபேட் இடம்பெற்றது. 2020-இல் 5.7 பதிப்பில் சாம்சங் வழங்கிய நிரல் அதற்கு மாற்றாக முறையான இடம் பெற்றது.

முடிவுரை

எக்ஸ்ஃபேட்டின் எளிமை தொடக்கமுதல் இருந்ததே. 2019-இல் மாறியது அதன் சட்டநிலை. ஆகவே எளிமை ஒன்றே கெர்னலுள் நுழையும் தகுதி ஆகாது. தீய நோக்குடன் உருவாக்கப்பட்ட பென்டிரைவ் ஒன்றைக் கெர்னல் உச்ச அதிகாரத்துடன் படிக்கிறது என்பதை எண்ணின், திறந்த விவரக்குறிப்பும் தொடர்ந்து பேணுவோரும் உள்ள அன்றாட முறைமைகளுக்கே அவ்விடம் உரியது. பேணுவோரற்ற எளிய முறைமைகளுக்குப் பயனர்வெளியே தக்க இடமாகும்.