நீரிணைக் குடியேற்றங்களில் யூத அகதிகள் (1938–1941)

நாஜி ஆட்சியிலிருந்து உயிர் தப்பி, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களிலும் மலாயாவிலும் தஞ்சம் புகுந்த யூதர்களைப் பற்றியது இக்கட்டுரை.

பினாங்குக்கு யூதர் புதியவர் அல்லர். பாக்தாத் வழிவந்த வணிகக் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. ஜார்ஜ் டவுன் யூத இடுகாடு 1805இல் தொடங்கியது. நாகூர் சாலையில் 1929 முதல் 1976 வரை அவர்களுக்கு ஒரு தொழுகைக்கூடம் இருந்தது. ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்களோ ஜெர்மன் பேசிய ஐரோப்பியர்.

1938 நவம்பர் 9–10இல் ஜெர்மனி எங்கும் யூதத் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டனர். நாட்டைவிட்டு வெளியேற ஒப்புக்கொண்டால்தான் பலருக்கு விடுதலை கிடைத்தது. பெர்லின் இசைக்கலைஞர் வெர்னர் பேயர் (1914–1992) அப்படி விடுபட்டுச் சிங்கப்பூர் வந்து இசை கற்பித்தார்.

தஞ்சம் நீடிக்கவில்லை. 1940இல் பிரிட்டிஷ் அரசு இந்த அகதிகளை எதிரிநாட்டார் என்று பிடித்தது. கடவுச்சீட்டு ஜெர்மனியுடையது என்பதே காரணம். யூதர் என்று காட்ட நாஜிகள் அதே சீட்டில் 1938 அக்டோபர் முதல் சிவப்பு ‘ஜே’ முத்திரை குத்தி வந்தனர். அந்த முத்திரையைக் கண்ட பிறகும் அவர்களை ஹிட்லரின் ஆட்களாக நடத்தியது பெரும் அநீதி. பெண்கள், குழந்தைகள் உட்பட 250க்கும் மேற்பட்டோர் ‘குயின் மேரி’ கப்பலில் ஏற்றப்பட்டு, 1940 செப்டம்பர் 25 அன்று சிட்னி சேர்ந்தனர். விக்டோரியா மாநிலத்தின் தட்டுரா அவர்களுக்கு முகாமானது. அவ்வூரின் மற்றொரு முகாமில் நாஜி ஆதரவாளர்களும் அடைக்கப்பட்டிருந்தனர்.

1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். தமிழர், சீனர், மலாய்க்காரரைக் கைவிட்டு ஐரோப்பியரை மட்டும் ஆட்சியாளர்கள் இரவோடு இரவாக அகற்றினர். 19ஆம் நாள் பினாங்குத் தீவு வீழ்ந்தது. 1943 முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் பினாங்குத் துறைமுகத்தைத் தளமாக்கிக்கொண்டன. அதே ஆண்டு சிங்கப்பூர் யூதர்கள் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டனர். நாடு கடத்தப்பட்ட குடும்பங்கள் இந்த ஆபத்துக்கு எட்டாத தொலைவில் இருந்தன. ஐரோப்பாவில் விட்டுவந்த பெற்றோர், உறவினர் பலர் கொல்லப்பட்டனர்.

1942இல் முகாம்வாசிகள் சிலர் ஆஸ்திரேலியப் படையின் எட்டாவது வேலைப்பிரிவில் சேர்க்கப்பட்டனர். போருக்குப் பின் பலர் அங்கேயே குடியமர்ந்தனர். பேயர் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு ஆணையத்தின் இசைப் பணியில் சேர்ந்தார்.