சுவிஸில் தனிநபர் நன்கொடை பெறுதல்: வரியும் சட்டமும்

சுவிற்சர்லாந்தில் வாழும் தமிழர்களில் சிலர் பழைய நூல்களை மின்னூலாக்குகிறார்கள். சிலர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ நோயாளி ஒருவரின் சிகிச்சைக்கோ காசு சேர்க்கிறார்கள். வங்கிக் கணக்கு எண்ணை இணையத்தில் போட்டதும் பணம் வரத் தொடங்கிவிடுகிறது. "இதற்கு வரி உண்டா?" என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுகிறது. என்னிடம் இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பணம் யாருடையது? வருவது அன்பளிப்பாக இருக்கலாம், ஊதியமாக இருக்கலாம், அடுத்தவர் பணமாகவும் இருக்கலாம். கணக்கில் மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சட்டத்தின் முன் அவை வேறு வேறு.

அன்பளிப்பு

பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் உங்களுக்கென்றே தரப்படுவது அன்பளிப்பு. கூட்டாட்சி நேரடி வரிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இதை வருமான வரியிலிருந்து விலக்குகிறது. கூட்டாட்சி மட்டத்தில் அன்பளிப்பு வரியும் கிடையாது. அந்த வரியை விதிப்பவை மாநிலங்களே. ஷ்வீஸ் மாநிலத்தில் அது அறவே இல்லை. சூரிச்சில் உண்டு, அதைக் கட்ட வேண்டியவர் பெறுபவர். அங்கு வாழ்க்கைத்துணைக்கும் பிள்ளைகளுக்கும் விலக்கு உள்ளது. உறவில்லாதவர் தந்தால் வரிவீதம் கூடும். வழமையான சிறு அன்பளிப்புகளுக்கு 5000 பிராங் வரை வரி இல்லை.

எந்த மாநிலத்தின் சட்டம் பொருந்தும் என்பதில் பலர் குழம்புகிறார்கள். பணமாகத் தரும்போது பார்க்கப்படுவது கொடுப்பவர் வாழும் இடம். சூரிச்வாசி ஒருவர் பேர்ணில் உள்ளவருக்குக் கொடுத்தால் சூரிச் சட்டம் பொருந்தும். இலண்டனில் இருப்பவர் கொடுத்தால் சுவிஸ் மாநிலம் எதுவும் அன்பளிப்பு வரி கேட்பதில்லை. இந்தியாவில் முறை வேறு. உறவினர் அல்லாதோரிடமிருந்து ஓராண்டில் பெறும் தொகை 50,000 ரூபாவைத் தாண்டினால், முழுத்தொகையும் பெறுபவரின் வருமானமாகிவிடும்.

ஊதியம்

பணம் தந்தவருக்குப் புத்தகமோ வகுப்போ பதிலாகக் கிடைத்தால், "நன்கொடை" என்று பெயர் வைப்பதால் மட்டும் அது அன்பளிப்பு ஆகாது. அது வருமானம், வரிப்படிவத்தில் எழுதப்பட வேண்டும். ஆ.ஹா.பௌ. எனப்படும் முதியோர் காப்புறுதிக்கும் பங்கு செலுத்த வேண்டிவரும். சுயதொழிலிலிருந்து வரும் பக்கவருமானம் ஆண்டுக்கு 2500 பிராங்குக்கு மேற்படாவிட்டால், 2025 முதல், நீங்கள் கேட்டால் மட்டுமே அந்தப் பங்கு அறவிடப்படும். பெறுமதிசேர் வரிக்கான எல்லை ஆண்டுக்கு 100,000 பிராங் விற்றுமுதல். கொடையாளர் பெயரை வெளியீடு ஒன்றில் விளம்பரமின்றிக் குறிப்பிடுவது கைம்மாறாகாது என்று அந்த வரிச் சட்டமே சொல்கிறது. ஆகவே நன்றிப் பட்டியல் போடத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்தவர் பணம்

நோயாளிக்கென்று சேர்த்த பணம் உங்கள் கணக்கில் இருந்தாலும் உங்களுடையது அல்ல. அதை எடுத்துத் தன் செலவுக்குப் பயன்படுத்துவது குற்றவியல் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழ் நம்பிக்கை மோசடி. கணக்குத் திறக்கும்போது பணத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்று வங்கிக்கு அறிவித்திருப்பீர்கள். வேண்டுமென்றே பொய்யாக அறிவிப்பதும் குற்றமே. டிசம்பர் 31 அன்று கணக்கில் இருக்கும் தொகை சொத்து வரிக்கு உங்கள் சொத்தாகத் தோன்றும். அது உங்களுடையது அல்ல என்பதற்கான ஆதாரத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும். பொதுநலத்துக்காகத் திரட்டிய பணத்தை நிர்வகிக்க ஆளில்லாமல் போனால், குடியியல் சட்டத்தின் 89பி பிரிவின்படி, 2013 முதல் அதிகாரிகள் தலையிடலாம்.

எமது சமூகத்தில் இதன் பாரம் அதிகம். விடுதலைப் புலிகளுக்காகப் பணம் திரட்டியது குறித்து 2009இல் தொடங்கிய விசாரணை, 2018 ஜூன் 14 அன்றுதான் பெலின்சோனாவில் உள்ள கூட்டாட்சிக் குற்றவியல் நீதிமன்றத்தில் தீர்ப்பை எட்டியது. வழக்குத் தொடரப்பட்டவர்கள் 13 பேர். குற்ற அமைப்புக்கு உதவியதாக எவரும் தண்டிக்கப்படவில்லை. வங்கிக்கடன் மோசடிக்காகச் சிலர் தண்டிக்கப்பட்டனர். தம் பெயரில் கடன் எடுத்துக் கொடுத்த குடும்பங்களும் இருந்தன. பணம் எங்கே போயிருந்தாலும் கடன் அவர்கள் பெயரிலேயே நின்றது.

சங்கம் தேவையா?

தனிநபருக்குக் கொடுத்ததை எவரும் தம் வரியில் கழிக்க முடியாது. வரிவிலக்குப் பெற்ற சுவிஸ் அமைப்புக்குக் கொடுத்தால், கூட்டாட்சி வரியில் ஆண்டுக்கு 100 பிராங் முதல் நிகர வருமானத்தின் 20 விழுக்காடு வரை கழிக்கலாம். சங்கம் அமைக்க எழுத்திலான யாப்பு வேண்டும். அரச அனுமதி தேவையில்லை. ஆனால் வரிவிலக்கை மாநில வரி அலுவலகத்திடம் தனியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். முக்கியமாக வெளிநாட்டில் நிதி திரட்டும் அல்லது அங்கே வழங்கும் சங்கங்கள் 2023 ஜனவரி 1 முதல் வணிகப் பதிவேட்டில் பதிய வேண்டும். சிறிய சங்கங்களுக்கு விலக்குகள் உண்டு.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பணம் கேட்பதற்கு முன்பே அது யாருக்கு, எதற்கு என்று எழுதி வெளியிடுங்கள். பிறருக்காகச் சேர்ப்பதானால் தனிக் கணக்குத் திறந்து, நோக்கத்தை வங்கிக்குச் சொல்லுங்கள். தந்தவர் பெயர், திகதி, தொகை, செலவு ஆகியவற்றைப் பற்றுச்சீட்டுகளுடன் வைத்திருங்கள். பெரிய தொகை வரும்போது மாநில வரி அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.