சீலிட்ட உறைக்குள் ஒரு குற்றச்சாட்டு: மீடியா ஒன் வழக்கு தரும் பாடம்

கேரளத்திலிருந்து ஒளிபரப்பாகும் மலையாளச் செய்தித் தொலைக்காட்சி மீடியா ஒன். 2022 ஜனவரி 31 அன்று அதன் ஒளிபரப்பு அனுமதியை ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ரத்து செய்தது. உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு ஒப்புதல் தர மறுத்துவிட்டது என்பதே சொல்லப்பட்ட காரணம். ஏன் மறுத்தார்கள் என்று நிறுவனம் கேட்டது. அதற்கான பதில் சீலிட்ட உறையில் நீதிபதிகளிடம் மட்டும் கொடுக்கப்பட்டது. தன் மீதான குற்றச்சாட்டு என்னவென்றே தெரியாமல் ஒரு நிறுவனம் நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய நிலை.

இந்த வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

பத்திரிகை, தொலைக்காட்சி, இணையம்

நம் நாட்டில் இம்மூன்றையும் சட்டம் ஒரே விதமாக நடத்துவதில்லை.

பத்திரிகை தொடங்கப் பதிவு செய்தால் போதும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் பத்திரிகைகள் பதிவுச் சட்டமும் பதிவைத்தான் கேட்கிறது.

தனியார் செய்தித் தொலைக்காட்சிக்கோ அரசின் முன் அனுமதி வேண்டும். செயற்கைக்கோளுக்கு அனுப்பும் அப்லிங்க், அங்கிருந்து பெறும் டவுன்லிங்க் இரண்டுக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அனுமதி தர வேண்டும்; உள்துறையின் பாதுகாப்பு ஒப்புதலும் அவசியம். அனுமதிக் காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும்.

இணையத்தில் எழுத முன் அனுமதி இல்லை. ஆனால், வெளியான பிறகு முடக்கும் அதிகாரத்தை 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 69ஏ, ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது.

வழக்கு நடந்த விதம்

மீடியா ஒன்னை நடத்தும் மாத்யமம் பிராட்காஸ்டிங் நிறுவனம் 2011 செப்டம்பரில் பத்தாண்டுகளுக்கு அனுமதி பெற்றது. அதைப் புதுப்பிக்க விண்ணப்பித்தபோதுதான் சிக்கல் எழுந்தது. ரத்து உத்தரவுக்குக் கேரள உயர் நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு சீலிட்ட உறையில் தரப்பட்ட கோப்பைப் பார்த்த தனி நீதிபதி, பிப்ரவரி 8 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தார். மார்ச் 2 அன்று இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பிக்கும் வரை ஐந்து வாரங்கள் ஒளிபரப்பு நின்றது.

இறுதித் தீர்ப்பை வழங்கியவர்கள் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி ஹிமா கோலியும். உறைக்குள் என்ன இருந்தது என்பது அந்தத் தீர்ப்பில்தான் வெளியானது. ஊபா சட்டம், குடியுரிமைத் திருத்தச் சட்டம், என்கவுன்ட்டர் கொலைகள் போன்றவை பற்றி அந்தத் தொலைக்காட்சி வெளியிட்ட செய்திகள் அரசுக்கு எதிரானவை என்பது ஒரு குற்றச்சாட்டு. ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த் அமைப்புடன் தொடர்பு என்பது மற்றொன்று.

அரசின் கொள்கையை விமர்சிப்பதை அரசுக்கு எதிரான நிலைப்பாடு என்று கூற முடியாது என்றது நீதிமன்றம். அரசமைப்பின் 19(2) பிரிவு கருத்துரிமையைக் கட்டுப்படுத்த எட்டுக் காரணங்களைக் கூறுகிறது. அரசை விமர்சிப்பது அவற்றில் ஒன்றல்ல. ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்த் தடை செய்யப்பட்ட அமைப்பல்ல என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினர். உளவுத்துறை அறிக்கை, ஏற்கெனவே பொதுவெளியில் உள்ள தகவல்களிலிருந்து பெற்ற அனுமானமே என்றும், அதில் இரகசியம் ஏதுமில்லை என்றும் கூறினர்.

தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டாலே நீதிமன்றம் கைகட்டி நிற்காது. உண்மையிலேயே இரகசியம் காக்க வேண்டியிருந்தாலும் முழுக் கோப்பையும் மறைக்கத் தேவையில்லை. மறைக்க வேண்டியதை நீக்கிவிட்டுச் சுருக்கத்தையாவது எதிர்த்தரப்புக்குத் தர வேண்டும். இதுவே தீர்ப்பின் சாரம். நான்கு வாரங்களுக்குள் அனுமதியைப் புதுப்பிக்குமாறும் உத்தரவிடப்பட்டது.

இரு தரப்பையும் கேள்

அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, வழக்காடும் இருவரில் ஒருவரின் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம், மற்றவரின் பேச்சையும் கேட்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. சட்டக் கல்லூரியில் இயற்கை நீதி என்று கற்பிக்கப்படும் கொள்கையை நம் மதரஸாக்களில் கழா பாடத்தில் படிக்கிறோம்.

கருத்துரிமைக்கு எல்லையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. முஸ்லிம்கள் அரசுப் பணிகளுக்குள் ஊடுருவுவதாகச் சித்திரித்த சுதர்சன் டிவி தொடரின் எஞ்சிய பகுதிகளுக்கு 2020 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அது திறந்த நீதிமன்றத்தில், காரணம் கூறி விதித்த தடை. நமக்குப் பிடிக்காத ஊடகமானாலும் அதன் வாதத்தைக் கேட்ட பிறகே தீர்ப்பு வர வேண்டும்.

இணையத்தில் தொடரும் கேள்வி

தொலைக்காட்சிக்குக் கிடைத்த இந்த நீதி, இணையத்தில் எழுதும் சாமானியருக்கு முழுமையாகக் கிடைத்துவிடவில்லை. 69ஏ பிரிவின் கீழ் வந்த 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, முடக்கம் தொடர்பான புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. அதனால் தம் பதிவு ஏன் முடக்கப்பட்டது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகக்கூடும். 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 69ஏ பிரிவைச் செல்லும் என்றது. முடக்கும் உத்தரவில் காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பதே அதற்கு அது கூறிய விளக்கம். கையில் கிடைக்காத உத்தரவை எப்படி எதிர்ப்பது? மீடியா ஒன் தீர்ப்பு இங்கும் துணை நிற்க வேண்டும்.

நம் கடமை

ஒரு தொலைக்காட்சி நம் சமுதாயத்தைப் பற்றி அவதூறு பரப்பினால், அந்தக் காட்சியை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து கொதிப்பதால் பயனில்லை. நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம் குறித்து வைத்து, முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2021இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி 15 நாள்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்காற்று அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம்.

நமக்கு வரும் செய்திகளிலும் இதே நேர்மை தேவை. நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அடுத்தவரின் விளக்கத்தைக் கேட்காமல் நாம் அனுப்பும் ஒவ்வொரு ஃபார்வர்டும் ஒரு சீலிட்ட உறைதான்.

நமக்கு நீதி கேட்கும் நாம், பிறருக்கும் நீதி வழங்குவோராக வாழ அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.